“ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை, ஆனால் நித்திரை வருகுதில்லை”

கேள்வி:

தங்கச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 54. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. எங்கள் கமக்கார அமைப்பில் ஆறு வருடமாக நான்தான் செயலாளர். எழுத்து வடிவாக இருக்கும் என்று பிடித்து வைத்தார்கள். இந்தமுறை குளத்தில் தண்ணீர் குறைவு, சிறுபோகத்துக்குப் பங்கு போட்டுத்தான் விதைத்தோம். எனக்கு வரவேண்டிய பங்கு வந்தது. ஆனால் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்துப் பட்டியல் வாசித்தபோது ஒரு பெண்ணின் பெயர் அதில் இல்லை. புருசன் 2009 இல் காணாமல் போனவர், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவருடைய ஒரு ஏக்கரைத் தலைவர் தன் மச்சானின் பெயரில் போட்டிருந்தார். எனக்கு அது முதல்நாள் இரவே தெரியும், பட்டியலை எழுதியது நான்தான். அவர் எழும்பி “என்ர பேர் விடுபட்டுப் போச்சு” என்றார். தலைவர் “காணிப் பேமிற் புருசன்ர பேரிலதானே இருக்கு, ஆள் வந்து கையெழுத்து வைக்கட்டும், தருவம்” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது. மனம் கேட்காமல் மனிசியிடம் சொல்லி ஒரு மூட்டை நெல் அனுப்பினேன். அடுத்தநாள் விடிய அந்த மூட்டை எங்கள் விறாந்தையில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. தலைவரிடம்தான் அறுவடை மெசின் இருக்கிறது, அவரோடு பகைக்கவும் ஏலாது. உயர்தரம் எடுத்துவிட்டு நிற்கிற மகள் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. ஒரு மாதமாக நித்திரை இல்லை. நான் வாழ்க்கையில் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை, ஒரு சண்டைக்கும் போனதில்லை. எனக்கு என்ன பிரச்சினை? மருந்து எடுக்க வேண்டுமா?

பதில்:

அண்ணை, தங்கச்சி என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் முறை வைத்தே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் குளத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். வன்னியில் ஒரு குளத்தின் பெயரைச் சொன்னால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

மருந்துக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஒரு மாதம் நித்திரை இல்லாமல் இருப்பது உடம்புக்குக் கூடாது. பிரஷர், சீனி இரண்டையும் ஒருக்கால் பார்ப்பியுங்கள், ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போனால் விசர் என்று ஒருவரும் எழுதி ஒட்ட மாட்டார்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. வைத்தியர் குளிசை தந்தால் எடுங்கள், கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளிசையால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது, அதையும் தெரிந்து வைத்துக்கொண்டு எடுங்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு நித்திரை வராமல் இருப்பது பாதி நல்ல செய்தி. தலைவர் நன்றாக நித்திரை கொள்ளுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் எழுத்து உண்மையிலேயே வடிவானதுதான். கொப்பித் தாளில் நீலப் பேனையால் ஓரம் விட்டு எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று பக்கத்திலும் ஒரேயொரு இடத்தில்தான் வெட்டு இருக்கிறது. “நாங்கள் சிரித்தோம்” என்று எழுதி, அதன்மேல் ஒரு நேர்கோடு போட்டு, மேலே சின்னதாக “சிலர் சிரித்தார்கள்” என்று திருத்தியிருக்கிறீர்கள்.

அந்தக் கோட்டைத்தான் நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேண்டுமென்று சிரித்திருக்க மாட்டீர்கள். கூட்டத்தில் பெரிய ஆள் ஒருவர் பகிடி விட்டால் எங்கள் வாய் தானாகவே ஒருபக்கம் இழுபடும், சந்தோசத்தில் வருவது அல்ல அது, நானும் உங்கள் ஆள்தான் என்று முகத்தால் கையெழுத்து வைக்கிற மாதிரி ஒரு விஷயம். ஆனால் அத்தனை பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவில் தனியாக எழும்பி நின்ற பெண்ணுக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கும். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு மனிதனைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் “ஆள் வந்து கையெழுத்து வைக்கட்டும்” என்று சொல்வது பகிடியா, அண்ணை?

(இடையில் ஒரு விஷயம், அவருக்குப் பிரயோசனப்படலாம். காணாமல் போனவரை இறந்ததாகப் பதியாமலே, அவர் காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதை வைத்துக் குடும்பத்தவர் அவருடைய சொத்து அலுவல்களைத் தற்காலிகமாகப் பார்க்க முடியும். பல பெண்கள் அதையும் எடுக்க மாட்டோம் என்கிறார்கள், அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது, நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஆள் வந்தால்தான் தண்ணீர் என்று ஒரு அமைப்புத் தலைவர் தன்பாட்டில் சட்டம் போட முடியாது.)

இனி நீங்கள் எழுதியிருக்கிற அந்த வசனத்துக்கு வருகிறேன். ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் கோபத்தில் சொல்லவில்லை, ஆனால் இது உண்மை இல்லை அண்ணை. பட்டியல் தானாக எழுதப்படவில்லை. முதல்நாள் இரவு உங்கள் வீட்டு மேசையில், அந்த வடிவான எழுத்தில், இலக்கம் போட்டு, அவருடைய பெயர் வரவேண்டிய வரியில் மச்சானின் பெயரை எழுதியது உங்கள் கை. பக்கத்தில் தேத்தண்ணியும் இருந்திருக்கும். எழுதும்போது ஒரு நிமிடம் பேனை நின்றிருக்குமே, அந்த நிமிடம்தான் இப்போது இரவு இரண்டு மணிக்கு வந்து உங்களை எழுப்புகிறது. சண்டைக்குப் போகாத ஆள், சோலிக்குப் போகாத ஆள், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற ஆள், இதெல்லாம் எங்கள் ஊரில் நல்ல பெயர்கள். கலியாணம் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த நல்ல பெயர் உங்களிடம் இருப்பது தலைவருக்கு எவ்வளவு வசதி என்று யோசித்திருக்கிறீர்களா? சத்தம் போடுகிற ஒருவர் செயலாளராக இருந்திருந்தால் இந்தப் பட்டியலை எழுதச் சொல்லி அவரிடம் கொடுத்திருப்பாரா? எழுத்து வடிவு என்று பிடித்து வைத்ததாகச் சொல்கிறீர்கள். எழுத்துக்காக மட்டும் இருக்காது.

உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அறக்காயம் என்று தமிழில் சொல்லலாம். வியட்நாமில் சண்டை பிடித்துவிட்டு வந்த அமெரிக்கச் சிப்பாய்களோடு வேலை செய்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர்தான் 1990களில் இதைப் பற்றி அதிகம் பேசியவர். பயத்தால் வருகிற காயம் ஒன்று, சரி என்று தான் நம்புவதற்கு எதிராக நடந்ததால் வருகிற காயம் வேறொன்று. பின்னால் வந்தவர்கள் இதைக் கொஞ்சம் விரித்து, தான் செய்ததால் மட்டுமல்ல, கண்முன்னால் நடந்ததைத் தடுக்காமல் விட்டதாலும் இது வரும் என்றார்கள். போர்க்களத்தில் இருந்து ஒரு பொதுநோக்கு மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு வருகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். அளவு வேறுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தால் பயந்த ஆளின் நித்திரையின்மை மாதிரித் தெரியவில்லை, வெட்கப்படுகிற ஆளுடையது மாதிரித்தான் இருக்கிறது.

சரி, நாங்கள் ஏன் இப்படி ஆனோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருத்தன் ஓடினால் கேட்டோடு என்று ஒரு பழமொழி இருக்கிறது. எங்கள் சனம் அதைக் காலால் படித்தது. 2008 இல் அக்கராயன் பக்கத்தில் இருந்து வெளிக்கிட்டவர்கள் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊரோடு ஊராக ஓடி, கடைசியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மணலில் பங்கர் வெட்டினார்கள். ஊர் எழும்பினால் எழும்ப வேண்டும், எங்கே, ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்ற ஆள் தப்பவில்லை. அதன்பிறகு செட்டிகுளம் முகாம். எவரிடம் கதைத்தது எங்கே போகும் என்று தெரியாது, பக்கத்துக் கூடாரத்து ஆட்களோடு மழையையும் தண்ணீர் பவுசரையும் பற்றித்தான் கதைத்தோம். அதற்கு முந்தின வருடங்களும் அப்படித்தான், காலத்துக்குக் காலம் வேறு வேறு ஆட்களுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் பல வருடம் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார், போர் தனித்தனி ஆட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, ஒருவரை ஒருவர் நம்புகிற பழக்கத்தையே உடைத்து, பேசாமல் ஒதுங்கி இருப்பதைச் சமூகத்தின் குணமாகவே ஆக்கிவிட்டது என்று. ஆக நீங்கள் கோழை என்று நான் நினைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய ஒரு கெட்டித்தனம் உங்களிடம் இருக்கிறது. அது இன்னும் கையில் இருக்கிறபடியால் எதற்கும் அதையே எடுத்துப் பாவிக்கிறீர்கள்.

ஆனால் அந்தப் பழமொழிக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் ஊர் ஓடவில்லை. ஒருத்திதான் எழும்பி நின்றார்.

நான் எல்லாரிடமும் வாயைத் திறவுங்கள் என்று சொல்கிற ஆள் இல்லை. என்னிடம் வருகிற சிலர் பேசாமல் இருப்பதற்குச் சரியான காரணம் இருக்கிறது, வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று தெரிந்த ஆட்களிடம் துணிந்து சொல்லுங்கோ என்று அறிவுரை சொல்ல எனக்கு என்ன உரிமை, பின்விளைவை அனுபவிக்கப் போவது நான் இல்லையே. நான் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் பேசாமல் இருக்கிற செலவை யார் கட்டுகிறார்கள்? நெல்லு யாவாரி மூட்டைக்கு இரண்டு கிலோ கூடக் கழித்துக்கொள்ள, போகட்டும் என்று விட்டால் அது உங்கள் நெல், உங்கள் இஷ்டம். செட்டிகுளத்தில் நீங்கள் வாயை மூடியது உங்கள் பிள்ளையின் உயிருக்காக. இந்தமுறை மூடிய வாய்க்கு அந்தப் பெண் ஒரு ஏக்கர் கட்டியிருக்கிறார், அதாவது ஒரு போகம், வருடத்தில் பாதிச் சோறு, பிள்ளைகளின் ரியூஷன் காசு. நீங்களோ உங்கள் பங்கை முழுதாக விதைத்திருக்கிறீர்கள். இதற்கு அடக்கம் என்றோ அமைதி என்றோ பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்களைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வெளியில் நிற்பது சரியில்லை. 2017 இல் நான் ஒரு நிறுவனத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் உளவளத்துணை செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு வீட்டில் இருக்கும்போது நுண்கடன் கம்பனி ஒன்றின் பெடியன் வந்தான், கம்பனிப் பெயர் வேண்டாம். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். மோட்டார் சைக்கிளை முற்றத்தில் விட்டுவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தான். அந்தக் கிழமைக் கட்டுக்காசு இல்லை. “காசு வராமல் எழும்ப மாட்டன் அக்கா” என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். குழுக் கடன் என்றால் உங்களுக்குத் தெரியும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், ஆகவே குழுவில் இருந்த மற்றப் பெண்களையும் போன் பண்ணிக் கூப்பிட்டான், அவர்கள் படலையடியில் வந்து நின்றுகொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவனுக்கும் தந்தார், எனக்கும் தந்தார். நான் குடித்தேன். பிளேன்ரீ, சீனி தூக்கலாக இருந்தது, இன்னும் நாக்கில் இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், “தம்பி, பொழுதுபட்டு ஒரு பெண்ணின்ர வீட்டில இப்பிடி இருக்கிறது சரியில்லை, எழும்புங்கோ” என்று மட்டும் சொல்லியிருந்தால், அவன் எழும்பியிருப்பான். எங்கள் நிறுவனத்துக்கும் அந்தக் கம்பனிக்கும் ஏன் பிரச்சினை என்று நினைத்தேன். என் வேலை மனநலம், கடன் இல்லை என்றும் நினைத்தேன். அன்று இரவு அறிக்கையில் “பயனாளி பொருளாதார அழுத்தத்தில் உள்ளார்” என்று எழுதினேன். அடுத்த கிழமை போனபோது அவர் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது.

பிறகு 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுப்பதாக அறிவித்தது. பெண்கள் வீதிக்கு இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். நான் இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், “நீங்கள் என்ன செய்வியள் மிஸ்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அவர் என்னிடம் ஒன்றையும் எதிர்பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கதை அந்த இடத்தில் வேறு. அவர் உங்களைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவரைப் பார்க்கவில்லை, கிராம சேவையாளரைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்திருக்கிறார். பிறகு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், அதுவும் விடியும் முதல், ஆரையோ பிடித்துச் சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு. உங்களிடம் எதிர்பார்ப்பு விட்டுப்போன ஆள் அந்த மூட்டையை வைத்திருப்பார் அண்ணை, நெல்லுத்தானே என்று. கோபம் இருக்கிறபடியால்தான் திருப்பி அனுப்பினார்.

இனி ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொல்கிறேன், எங்கள் துறையில் எல்லாரும் படிப்பது. 1951 இல் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்பவர் ஒரு அட்டையில் ஒரு கோடும், மற்ற அட்டையில் மூன்று கோடும் கீறிக் காட்டி, எது எதற்குச் சமம் என்று ஒரு குழுவைக் கேட்டார். சின்னப்பிள்ளை சொல்லும். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அவருடைய ஆட்கள், வேண்டுமென்றே பிழையான கோட்டைச் சொன்னார்கள். அந்த ஒருவர் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து பிழையைச் சொல்வாரா? நாலு பேருக்கு மூன்று பேர் ஒரு தடவையாவது சொன்னார்கள். ஆஷ் பிறகு குழுவில் ஒரேயொரு ஆளை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான், பிழைக்குத் தலையாட்டுவது கிட்டத்தட்டக் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது இந்த இரண்டாம் பாதிதான். கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தீர்கள், நாற்பது பேர்? உங்களைப் போலவே நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வயிறு புரள, எவராவது ஒன்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தவர்கள் பத்துப்பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் சிலர் செயலாளரே பேசாமல் இருக்கிறார், ஏதோ விஷயம் இருக்குப்போல என்றும் நினைத்திருப்பார்கள்.

அறுவடை மெசின் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. நெல் முற்றி, வானம் இருட்டிக்கொண்டு வர, உன் வயலுக்கு நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தால் என்ன ஆகும் என்று வயல் செய்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கும், நீங்கள் எழுதவில்லை: நல்லது கெட்டதுக்கு ஆள் வராமல் போய்விடுமோ, செத்தவீட்டில் பறைக்குச் சொல்ல, பந்தல் போட ஒரு கை குறைந்துவிடுமோ என்று. தலைவர் கொஞ்சக் காலம் முகம் கொடுக்க மாட்டார், அதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து ஊரில் மெசின் வைத்திருக்கிற ஆளுக்கு இப்போதே சொல்லி, முடிந்தால் முற்பணமும் கொடுத்து வையுங்கள், பயத்தில் பாதி அதோடு கழியும். மீதிப் பயத்தோடுதான் பேச வேண்டிவரும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில், ஏ9 வீதியோரம், 2017 பெப்ரவரி 20 இல் பிள்ளைகளைத் தேடி உட்கார்ந்த தாய்மாரை நீங்களும் பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலரோடு கதைத்திருக்கிறேன். பயமில்லாத பெண்கள் என்று நினைத்துத்தான் போனேன். நல்ல பயம், அண்ணை. படம் எடுத்தால் கை நடுங்கும் பயம். அந்தப் பயத்தோடுதான் அடுத்தநாளும் வந்து உட்கார்ந்தார்கள்.

மகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவள் மூட்டையைச் சுற்றிக்கொண்டுதானே ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் வருகிறாள். அவளுக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள், “உனக்கு உலகம் தெரியாது” என்று தொடங்கினால் அதோடு முடிந்தது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “சிலர் சிரித்தார்கள்” என்று சொல்லாதீர்கள், நீங்கள் வெட்டின வரியைச் சொல்லுங்கள்.

இனிச் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். இந்தப் போகம் போய்விட்டது, விதைத்த வயலைத் திருப்பி வாங்க முடியாது. முதலில் அந்தப் பெண்ணிடம் போங்கள், மனிசியையும் கூட்டிக்கொண்டு, பகலில். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். “பட்டியலை எழுதினது நான், எனக்குத் தெரியும், நான் பேசாமல் இருந்தது பிழை” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நித்திரை இல்லாத கதை, மெசின் கதை, மகளின் கதை ஒன்றும் வேண்டாம், அங்கே அதைச் சொல்லத் தொடங்கினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், அது இரண்டாவது ஏக்கர் பறிப்பது போல. அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு இருங்கள். பிறகு அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முறைப்பாடு போட வேண்டும் என்பாரோ, அடுத்தமுறை பெயர் வந்தால் போதும் என்பாரோ, என்ர பிரச்சினையை விடுங்கோ என்பாரோ எனக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் அவருக்காகக் கொடி பிடித்துக்கொண்டு போவதும் ஒருவிதமான பட்டியல் எழுதுவதுதான்.

அவர் சரி என்றால், உங்களிடம் பேனை இருக்கிறது. கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் அன்றைய கூட்டத்துக்குக் கீழே அவர் எழும்பிச் சொன்னதும் தலைவர் சொன்ன பதிலும் பதிவாகி இருக்கிறதா? இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முந்தின அறிக்கையை வாசிப்பது செயலாளரின் வேலை, திருத்தம் சொல்லவும் அதுதான் இடம். ஒரு வசனத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: “போன கூட்டத்தில் ஒரு பங்காளியின் பெயர் விடுபட்டது, அதை நான் அறிக்கையில் எழுதத் தவறிவிட்டேன், இப்போது சேர்க்கிறேன்.” வாய் காயும், கை நடுங்கும், தாளைப் பார்த்து வாசியுங்கள். வீரப் பேச்சு ஒன்றும் தேவையில்லை. அதற்கு முதல்நாளே, அன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்துப்பேரில் ஒருவரின் வீட்டுக்குப் போய், நீங்கள் வாசித்து முடித்ததும் “ஓம், அதை எழுதத்தான் வேணும்” என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆஷ் செய்தது இதைத்தான்.

அதற்கும் அசையாவிட்டால் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கமக்கார அமைப்பு என்பது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிகிற அமைப்பு, தலைவரின் வீட்டுக் கோழிக்கூடு இல்லை. பங்குப் பட்டியலின் பிரதி பிரதேச செயலகத்திலோ கமநலத்திலோ இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எடுக்கலாம். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பெயரில் கேட்கப் பயம் என்றால் மகளுக்கு வேலை இல்லைத்தானே இப்போது, அவளை எழுதச் சொல்லுங்கள். எழுத்து எப்படி என்று தெரியவில்லை, உங்களுடையதைப் போல இருக்கும்.

இதெல்லாம் செய்தபிறகும் அவருக்கு அந்த ஏக்கர் கிடைக்காமல் போகலாம். தலைவரை மாற்ற முடியாமல் போகலாம், செயலாளர் பதவியும் போகும், அது போனால் எனக்குக் கவலை இல்லை. நித்திரை திரும்பி வருமா என்று கேட்டால், கொஞ்சம் வரும். முழுக்க வர வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை. எனக்கே சில இரவில் அந்தப் பிளேன்ரீ வருகிறது.

அந்த மூட்டையைப் பற்றி எழுதவேண்டும். அதைத் திரும்ப அவருடைய வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கோயிலுக்கும் கொடுக்காதீர்கள், அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இந்த வெக்கைக்கு அந்துப்பூச்சி விழுந்துவிடும். ஆலைக்குக் கொண்டுபோய்க் குத்துவித்து வீட்டில் சமையுங்கள். உங்கள் வயல் நெல்லுத்தானே.